பெங்களூரில் பறவை பார்க்கலாம்: பைனாகுலர் முதல் பஞ்சாயத்து வரை

பெங்களூரில் பறவை பார்க்கத் தொடங்குகிறவர் இரண்டு விதமான உயிர்களைப் பழக வேண்டியிருக்கும். ஒன்று பறவைகள். மற்றது பறவை பார்ப்பவர்கள். முதலாவதற்குக் கையேடும் செயலியும் இருக்கின்றன. இரண்டாவதற்கு எதுவும் இல்லை. ஞாயிறு காலை ஏரிக்கரையில் அன்பாகப் பேசிக்கொண்டு நடந்த ஏழெட்டுப் பேர், இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்துப் புதியவர்கள் மிரண்டு போகிறார்கள். மிரள வேண்டாம். இந்த ஊரில் பறவைகளைப் பற்றிப் பலரும் கற்றது பாதி அந்த வாக்குவாதங்களில்தான். எதில் நின்று வாதாடுவது, எதில் வாயை மூடிக்கொள்வது என்று தெரிந்தால் போதும்.

முதலில் மொட்டை மாடி

உடனே ஏரிக்கு ஓடாதீர்கள். முதல் இரண்டு வாரம் வீட்டு மாடியிலோ பால்கனியிலோ காலை அரை மணி நேரம் நில்லுங்கள். ஹலசூரானாலும் ஸ்ரீராமபுரமானாலும் ஒயிட்ஃபீல்டு அடுக்ககமானாலும் சில பறவைகள் நிச்சயம் வரும். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டால், வித்தியாசமான ஒன்று வரும்போது தானாகக் கண் போய் நிற்கும்.

தலைக்கு மேல் சுற்றும் பழுப்புப் பருந்து கள்ளப்பருந்து. வால் நடுவில் பிளந்திருக்கும். செம்பருந்தின் வால் நுனி வளைந்து வட்டமாக இருக்கும். வெள்ளைத் தலையும் செங்கல் நிறமும் வராத இளம் செம்பருந்து பழுப்பாகவே இருப்பதால் நிறத்தை நம்பாமல் வாலைப் பாருங்கள். நாள் முழுக்க 'குட்ரூ குட்ரூ' என்று கத்துவது வெண்கன்னக் குக்குறுவான். இலையோடு இலையாக உட்கார்ந்திருப்பதால் குரல் கேட்கும் அளவுக்கு ஆள் கண்ணில் படாது. தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து வந்தவர்கள் வீட்டில் செங்குதச் சின்னானைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். இங்கே கொண்டையைத் தூக்கிக்கொண்டு கம்பியில் உட்கார்வது பெரும்பாலும் செம்மீசைச் சின்னான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது என்பது பறவைகளிலும் தெரியும்.

பைனாகுலர் வாங்குவது

8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. மங்கலான காலை வெளிச்சத்தில் இந்த எண்தான் காப்பாற்றும். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு. ஜூம் செய்யும் பைனாகுலர், கையடக்கச் சிறு பைனாகுலர் இரண்டையும் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் தொடாதீர்கள்.

வாங்கியதும் பலர் செய்யத் தவறுவது வலக்கண் சரிசெய்தல். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி, தூரத்து எழுத்து ஒன்றை இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அதற்குப் பிறகு நடுச்சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும். பறவையைப் பார்த்தபடியே, கண்ணை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்து மறுபடி நிமிர்ந்தால் பறவை போயிருக்கும்.

கேமரா இப்போதைக்கு வேண்டாம். வாங்கினால் எந்தக் கட்சியில் சேருகிறீர்கள் என்பது அன்றைக்கே முடிவாகிவிடும். அந்தக் கதை பின்னால்.

லால்பாகில் முதல் நடை

கூட்டத்தோடு நடக்கப் பழக லால்பாகை விட்டால் வேறு இடமில்லை. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், இன்று 240 ஏக்கர். முந்நூறு கோடி ஆண்டுப் பழைமையான பாறை, பொந்து விழுந்த முதிய மரங்கள், ஓர் ஏரி எல்லாம் ஒரே மதிலுக்குள் இருப்பதால் இரண்டு மணி நேரத்தில் மூன்று விதமான வாழிடங்களைப் பார்த்துவிடலாம். பொந்துகளில் புள்ளி ஆந்தையும் கிளியும். ஏரியோரம் செந்நாரை, நீலத்தாழைக்கோழி, கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பாம்புத்தாரா.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு இங்கே பறவை நோக்கர்கள் கூடுவது பல பத்தாண்டு வழக்கம். பெங்களூர் பறவை நோக்கர் களக்குழுவின் பெயர் இதனோடு ஒட்டியது. கட்டணம் கிடையாது, யாரும் வரலாம். போகும் முன் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குழுவில் எல்லாரும் எல்லாருக்கும் 'சார்', 'மேடம்'தான். வயதில் இளையவர் முப்பது ஆண்டு அனுபவசாலியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் அடுத்த வாரம் அவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு குறையும். தமிழர்கள் ஒருவரையொருவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவோம். உடனே ஒதுங்கித் தமிழில் பேசத் தொடங்காதீர்கள். அது பறவைக்குக் கெடுதல் இல்லை, குழுவுக்குக் கெடுதல். அந்தப் பேச்சைக் காபி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நடையில் எழுதப்படாத சில விதிகள் உண்டு. வெள்ளை, சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். வழிநடத்துபவருக்கு முன்னால் போகாதீர்கள். பறவையைக் காட்டும்போது 'அதோ அந்த மரத்தில்' என்றால் எந்த மரம் என்று பத்துப் பேரும் கேட்பார்கள். மரத்தைக் கடிகாரமாக நினைத்து 'வெள்ளிப் பட்டை மரம், இரண்டு மணி திசை, பாதி உயரம்' என்று சொல்லப் பழகுங்கள். இதை ஒழுங்காகச் சொல்பவருக்குக் கிடைக்கும் மரியாதை, அரிய பறவையைக் கண்டவருக்குக்கூடக் கிடைப்பதில்லை. கைப்பேசி மணியை அணைத்துவிடுங்கள். குறிப்பாகப் பறவைக் குரலை மணியாக வைத்திருப்பவர்கள்.

அடுத்தது உங்கள் ஏரி

பெங்களூரின் ஏரிகள் பாசனத்துக்காக மனிதர்கள் கட்டியவை. ஹெப்பாள், ஜக்கூர், கைக்கொண்டரஹள்ளி, அகரா, மடிவாளா என்று வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாரம் தவறாமல் அதே பாதையில் நடங்கள். தூரத்து ஊர்களை அப்புறம் பார்க்கலாம். ஒரே ஏரியை ஆண்டு முழுக்கப் பார்த்தவருக்கு மட்டும்தான், செப்டம்பர் வாக்கில் கரைக் கல்லில் வந்திறங்கும் சாம்பல் வாலாட்டி ஏன் அத்தனை பெரிய செய்தி என்று புரியும். இமயத்திலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் வரும் கூட்டத்தில் முன்வரிசை அது. அக்டோபரில் தோட்டக்கள்ளன் என்கிற ஆறுமணிக்குருவி வரும். இரவில் பறந்து வந்து களைத்துப்போய் வீட்டு வராந்தாவிலேயே விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்துவிட்டு, தண்ணீரை வாயில் ஊற்றாமல், மீட்பு மையத்தை அழையுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அறுவடைக்காலம். மார்ச், ஏப்ரலில் வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். மழைக்கு முன்னால் சுடலைக்குயில் வரும்.

ஏரிக் காவலர் 'ஏன் நோட்தா இத்தீரா?' (என்ன பார்க்கிறீர்கள்?) என்று கன்னடத்தில் கேட்டால் 'ஹக்கி நோட்தா இதீனி' (பறவை பார்க்கிறேன்) என்று சிரித்தபடி சொல்லுங்கள். ஒருமுறை பைனாகுலரை அவர் கையில் கொடுத்து ஒரு கூழைக்கடாவைக் காட்டிவிட்டால், அடுத்த வாரம் எங்கே என்ன வந்தது என்று அவரே சொல்வார். ராணுவ, விமானப்படை வளாகங்களை ஒட்டிய ஏரிகளில் மட்டும் கருவியை மதில் பக்கம் திருப்பாதீர்கள். எலஹங்காவில் இது விளையாட்டில்லை.

பட்டியல் போடுவது

குறிப்பேடு இருக்கட்டும். ஆனால் இன்று பெரும்பாலோர் ஈபேர்டு செயலியில்தான் பதிகிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் இணையதளமாகத் தொடங்கியது. அதில் ஒரே ஒரு விதியை உள்வாங்கினால் போதும்: 'முழுப் பட்டியல்' என்று குறித்தால், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையும் அதில் இருக்க வேண்டும். காகத்தையும் மாடப்புறாவையும் விட்டுவிட்டு அபூர்வங்களை மட்டும் போடுவது பட்டியல் அல்ல, தம்பட்டம். பதினைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரையிலான சின்னப் பட்டியல்களாகப் பிரித்துப் போடுங்கள். எண்ணிக்கையைத் தோராயமாகவாவது எழுதுங்கள்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொன்னதை ஆதாரமாகக் கொண்டு குழுவில் அறிவிக்காதீர்கள். பறவையைத் தேடிப் பார்க்கச் சொல்லும் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீச்சான் போன்றவை மற்ற பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும். கீச்சானிடம் ஏமாந்த செயலியை நம்பி அபூர்வப் பறவை அறிவித்தவர்களின் கதைகள் எல்லாக் குழுவிலும் உலவுகின்றன.

சண்டை ஒன்று: இது எந்தப் பறவை

இதில் நின்று வாதாடலாம். வாதாடவும் வேண்டும்.

குளிர்காலத்தில் இந்த ஊர் மரங்களில் ஒரு சின்ன இலைக்கதிர்க்குருவி ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் கிரீனிஷ் வார்ப்ளர். எப்போதாவது கிரீன் வார்ப்ளர். உருவத்தில் பிரிப்பது பாடு. குரலில் முன்னது இரண்டு அசை, பின்னது மூன்று அசை. காட்சி எப்படி இருக்கும் என்றால், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், 'கிரீனிஷ்' என்று சொல்லிவிட்டு நடப்பார். பின்னால் வரும் ஐடி இளைஞர், 'சார், மூணு சிலபிள் கேட்டுது சார்' என்பார். 'நீங்க கேட்டது ரெண்டு குருவி தம்பி, அடுத்தடுத்துக் கூப்பிட்டிருக்கு.' 'ரெக்கார்டிங் இருக்கு சார்.' தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் நிற்க, மற்றவர்கள் தேநீர்க் கடையை நோக்கி நகர்வார்கள். ஆனால் அன்றைக்குக் குழுவில் எல்லாருக்கும் அந்த இரண்டு அசையும் மூன்று அசையும் காதில் ஏறிவிடும். எந்தப் புத்தகமும் இதைச் செய்யாது.

ஹெசரகட்டா புல்வெளியில் இதே சண்டை பூனைப்பருந்துகளை வைத்து நடக்கும். மாண்டகு, பாலிட் இரண்டின் பெட்டைகளும் பழுப்பு, இரண்டுக்கும் வால் மேல் வெள்ளைப் பட்டை. கழுத்தைச் சுற்றி வெளிறிய வளையம் தெளிவாகத் தெரிந்தால் பாலிட் பக்கம் சாயலாம். தெரியாவிட்டால் 'பூனைப்பருந்து, இனம் உறுதியில்லை' என்று எழுதலாம். ஈபேர்டில் அதற்கென்றே இடம் இருக்கிறது. அப்படி எழுதுகிறவர்களைத்தான் மூத்தவர்கள் நம்புகிறார்கள்.

உங்கள் பதிவு ஒன்றுக்கு விளக்கம் கேட்டு ஈபேர்டிலிருந்து செய்தி வரும் நாள் வரும். அனுப்புகிறவர் தன்னார்வலர். அந்த இடத்துக்கும் மாதத்துக்கும் எண்ணிக்கை அசாதாரணமாக இருந்தால் ஈபேர்டே அதைத் தனியாகக் குறித்துக் காட்டும், அவர் பார்த்துக் கேட்பார். கோபித்துக்கொண்டு கணக்கையே மூடியவர்கள் உண்டு. தேவையில்லை. நிறம், அளவு, என்ன செய்துகொண்டிருந்தது, எவ்வளவு தூரம், எதனோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு என்று நாலு வரி எழுதுங்கள். அவர் ஏற்காவிட்டாலும் உங்கள் சொந்தப் பட்டியலில் அந்தப் பறவை அப்படியே இருக்கும். பொதுத் தரவில்தான் சேராது.

சண்டை இரண்டு: கேமராக் கட்சி, பைனாகுலர் கட்சி

இந்த ஊரின் பெரிய பிளவு இதுதான். பைனாகுலர்காரர்களுக்கு நீள லென்ஸ்காரர்கள் பறவையை நெருங்கித் துரத்துபவர்கள். லென்ஸ்காரர்களுக்கு மற்றவர்கள் ஆதாரமில்லாமல் பெயர் சொல்பவர்கள். வாய்க்கால் வரப்புத் தகராறு மாதிரி, ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் நிற்கும்.

கேமராக்காரர்கள் எல்லாம் டிஜிட்டலோடு வந்தவர்கள் என்று யாராவது சொன்னால் டி.என்.ஏ. பெருமாளை நினைவுபடுத்துங்கள். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து 2017-இல் மறைந்தவர். ஃபிலிம் காலத்திலேயே கானுயிர்ப் புகைப்படத்தில் உலகம் அறிந்த பெயர். பின்வந்த பல பேருக்கு ஆசானாகவும் இருந்தவர். இந்த ஊரில் லென்ஸுக்கு நீண்ட பரம்பரை இருக்கிறது.

அதே சமயம் சில செயல்களில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையை வரவழைப்பது, இனப்பெருக்கக் காலத்தில் அதன் நேரத்தையும் சக்தியையும் திருடுவது. புழு வைத்து மேடை அமைப்பது, ஆந்தை மேல் ஃபிளாஷ் அடிப்பது, கூட்டை மறைக்கும் கிளையை 'கொஞ்சம்' வெட்டிவிடுவது எல்லாம் அதே வகை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதன் விளக்கத்துக்குள்ளேயே பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது வருகிறது. புல்வெளிக்குள் காரை ஓட்டிப் பூனைப்பருந்தைத் துரத்துகிறவர்களிடம் இன்னொன்றையும் சொல்லலாம்: அவை இரவில் தரையில், புல்லுக்குள்தான் கூட்டமாகத் தங்கும். அந்தி சாயும் நேரத்தில் புல்லுக்குள் சக்கரம் ஏறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சொல்லும் முறைதான் முக்கியம். எல்லார் முன்னாலும் கத்தினால் அவர் வீம்புக்கு இன்னும் இரண்டடி முன்னால் போவார். பக்கத்தில் போய், 'சார், சூப்பர் லென்ஸ். பறவை தலையை நிமிர்த்திட்டுது பாருங்க, இன்னும் ஒரு அடி போனா பறந்துடும். இங்கேயே உட்கார்ந்தா அதுவே வரும்' என்றால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் நல்ல படமும் கிடைக்கும். அடுத்த மாதம் அந்தப் படம்தான் உங்கள் கதிர்க்குருவிச் சண்டையைத் தீர்க்கும்.

சண்டை மூன்று: இடத்தைச் சொல்வதா, மறைப்பதா

இதில் வாதமே வேண்டாம். ஆந்தை, பக்கி என்னும் இரவுப் பறவை, எந்தக் கூடானாலும், களைத்து வந்த தோட்டக்கள்ளனானாலும் மரத்தின் அடையாளத்தை வாட்ஸாப்பில் போடாதீர்கள். காலை ஏழு மணிக்குப் போட்டால் ஒன்பது மணிக்குள் முக்காலிகள் வரிசை கட்டும். 'லால்பாகில் ஒன்று' என்பது போதும். ஈபேர்டு சில இனங்களின் இடத்தைத் தானே மறைத்துவிடும். மற்றவற்றுக்குப் பட்டியலைப் பொதுப்பார்வையிலிருந்து நீங்களே மறைத்து வைக்கலாம், அல்லது பறவை கிளம்பிய பிறகு ஏற்றலாம்.

கோபம் வருவது வேறு காரணத்தால். குழுவுக்குச் சொல்லாமல் நாலைந்து நெருங்கியவர்களுக்கு மட்டும் சொல்லி, அவர்கள் இன்னும் நாலைந்து பேருக்குச் சொல்லி, கடைசியில் சொல்லப்படாதவர்கள் மட்டும்தான் பார்க்காமல் இருந்தார்கள் என்று ஆவது. இந்த வருத்தத்தில் உடைந்த குழுக்கள் இருக்கின்றன. ஆகவே மறைப்பதானால் முழுக்க மறையுங்கள். புதியவராக இருந்து, யாராவது சொல்ல மறுத்தால் கெஞ்சாதீர்கள். ஏரியில் ஒழுங்காக ஓராண்டு நடந்தவரிடம் இடம் தானாக வந்து சேரும்.

சண்டை நான்கு: ஏரியை யாருக்காகச் சீரமைப்பது

வெளியாட்களுக்கு இது பறவைச் சண்டையாகவே தெரியாது. ஆனால் இதில்தான் விஷயம் இருக்கிறது. ஏரியைத் தூர்வாரிக் கிண்ணம் போல் ஆழமாக்கி, சுற்றிலும் நடைபாதையும் விளக்கும் வைத்தால் முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் கொண்டாட்டம். ஆனால் கணுக்கால் ஆழத்தில் சேற்றைக் குத்தித் தின்னும் பொரி உள்ளானுக்கு நிற்க இடம் இருக்காது. கோரையை 'களை' என்று பிடுங்கினால் தாழைக்கோழிக்குக் கூடு கட்ட இடமில்லை. ஒரு பிரிவினர் வேலியும் பாதையும் இல்லாவிட்டால் ஏரியே மிஞ்சியிருக்காது என்பார்கள். கைக்கொண்டரஹள்ளி போலக் குடிமக்கள் முயற்சியில் மீண்ட ஏரிகளைக் காட்டுவார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஜக்கூரில் சுத்திகரித்த கழிவுநீர் ஓர் ஈரநிலத்தின் வழியாக வடிந்து ஏரிக்குள் போகிறது. அந்த ஆழமில்லாத ஓரம் பறவைக்கும் ஆகிறது, தண்ணீருக்கும் ஆகிறது. கூட்டத்தில் பேசும்போது இந்த மாதிரி நடுவழியைக் கேளுங்கள்: ஒரு பக்கமாவது சரிவான கரை, பாதை போகாத ஓர் ஓரம், தொடாத கோரை.

உணர்ச்சியாகப் பேசினால் பொறியாளர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அதே ஏரியில் நீங்கள் வாரம் தவறாமல் போட்ட பட்டியலை மேசையில் வைத்தால் பேச்சு மாறும். தூர்வாரும் முன் உள்ளான் எத்தனை, பின் எத்தனை என்பதற்கு வேறு யாரிடமும் கணக்கு இருக்காது.

வெளியூர், சில வரிகள்

நந்தி மலை: 1,478 மீட்டர். குளிர்காலத்தில் நீலகிரிக் காட்டுப்புறாவுக்கும் ஈப்பிடிப்பான்களுக்கும், பாறைச் சரிவில் மஞ்சள்தொண்டைச் சின்னானுக்கும் போகலாம். வார இறுதியில் போனால் பறவையைவிட பைக்குகள்தான் அதிகம். ராமநகரத்துப் பாறைக் குன்று 2012 முதல் கழுகுச் சரணாலயம். பாறு கழுகைத் தேடிப் பைனாகுலரோடு பொறுமையாக நிற்க வேண்டும். மத்தூர் பக்கம் கொக்கரெ பெள்ளூர் கிராமத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டுப் புளிய மரங்களிலேயே கூடு கட்டும். அது மக்கள் வாழும் ஊர் என்பதை நினைவில் வையுங்கள். காரில் நால்வர் போனால் பெட்ரோல் பணத்தை அன்றே பிரித்துக்கொள்ளுங்கள். கதிர்க்குருவியைவிட இதில் உடைந்த நட்புகள் அதிகம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது

பைனாகுலரைப் பெங்களூரிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வயலோரம், குளத்தங்கரை, மொட்டை மாடி என எங்கே நின்றும் குறைந்தது பதினைந்து நிமிடம் எண்ணி ஈபேர்டில் ஏற்றினால் சேர்ந்துவிடும். வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். பனங்காடையையும் உண்ணிக்கொக்கையும் அவர்கள் உங்களைவிட வேகமாக எண்ணுவார்கள். ஜனவரி நடுவில் ஊருக்குப் போனால் பெங்களூரு மாதப் பட்டியல் இறங்கிவிடும் என்று குழுவில் யாராவது கணக்குச் சொல்வார்கள். சொல்லட்டும். திரும்பி வந்து, ஊர்க் கண்மாயில் பார்த்த ஊசிவால் வாத்துக் கூட்டத்தின் எண்ணிக்கையைப் போடுங்கள். 'இவ்வளவா? போட்டோ இருக்கா சார்?' என்று அவரே முதலில் கேட்பார்.